ப்ளாஹா தலையாட்டினார்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கயெட்டான் ப்ளாஹா தன் குழலின் வாயில் செருகும் மூன்று சீவாளிகளை ஒரு கிண்ணம் தண்ணீரில் நனையப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே மகள் போல்டி அன்று மதியம் ஒன்று ஐம்பது ரயிலில் ஹாம்பர்க் புறப்படுகிறாள். வியாழக்கிழமை அங்கே கப்பல் ஏறினால் அமெரிக்காவில்தான் இறங்குவாள். திரும்பி வருவாளா என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட காலையில் ஒரு தகப்பன் உட்கார்ந்து சீவாளி ஊதுவானா என்று நீங்கள் கேட்கலாம். பன்னிரண்டரைக்குக் கச்சேரி என்றால் வாத்தியக்காரன் ஊதத்தான் செய்வான்.

வியன்னாவில் பெரிய மண்டபத்துக் கச்சேரிகள் ஞாயிறு நடுப்பகலில்தான் நடக்கும். வாசிக்கிறவர்கள் எல்லோரும் ராத்திரியில் நாடக அரங்கிலும் ஆட்டக் கொட்டகையிலும் பிழைக்கிறவர்கள். மற்றப் பகல்களில் ஒத்திகை இருக்கும், அவர்களுக்கு ஓய்வான பகல் அது ஒன்றுதான். ஊர்ப் பெரிய மனிதர்களும் பூசைக்குப் போய்விட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

ப்ளாஹா வாசித்தது இங்கிலீஷ் ஹார்ன். ஓபோ என்கிற மெல்லிய மரக்குழலுக்குத் தடித்த அக்கா மாதிரி ஒரு குழல். குரலும் அப்படித்தான், கனத்துத் தாழ்ந்து வரும். அதற்கு இங்கிலாந்தோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது, பெயர் எப்படி ஒட்டியது என்று ப்ளாஹாவுக்கே தெரியாது. பாதிக் கச்சேரிகளில் அதற்கு வேலையே இருக்காது. வேலை இருக்கிற நாளிலும், ஒரு மணி நேரம் கையைக் கட்டி உட்கார்ந்திருந்துவிட்டு நாலு வரி வாசிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவர் இப்படி உட்கார்ந்து வந்தார். வயலின்காரனை எழுப்பி நிறுத்திக் கைதட்டுவார்கள், பாடுகிற அம்மாளுக்குப் பூச்செண்டு வரும். ப்ளாஹாவை ஒருவரும் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அதைப் பற்றி அவர் வெளியே மூச்சு விட்டதும் இல்லை.

போல்டியும் அவள் கணவன் ஃப்ளோரியனும் தங்கள் அறையை முந்தின நாளே காலி செய்துவிட்டு, கடைசி ராத்திரியை இங்கேதான் கழித்தார்கள். ஃப்ளோரியன் புத்தகம் கட்டுகிறவன். அமெரிக்காவில் மில்வாக்கி என்ற ஊரில் அவனுடைய அண்ணன் தனியாகப் பட்டறை போட்டிருந்தார். ப்ளாஹாவின் மனைவி லுட்மிலா விடியலிலிருந்து அடுப்படியில் நின்று, வழிக்கென்று இறைச்சி வறுப்பதும் முட்டை அவிப்பதும் கசகசா கேக்கைத் துண்டு போடுவதுமாக இருந்தாள். அழுகை வரும்போதெல்லாம் அடுப்புக் கதவைத் திறந்து கரியைக் கிளறினாள்.

காப்பிக்கு உட்கார்ந்தபோது போல்டி தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்பா, நீங்க ஸ்டேஷனுக்கு வராட்டிப் பரவால்ல. இங்கயே சொல்லிட்டுப் போயிடறேன். வரேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"ஏன் சொல்லக் கூடாது? வரேன்."

"சொல்லாதீங்கன்னுதானே சொல்றேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சின்ன வயதில் அவளுக்கு உறுதிபூசுதல் சடங்கு நடந்த நாளில், கோயிலிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் தகப்பனோடு பிராட்டர் பூங்காவுக்குப் போய் ராட்டினம் சுற்றினார்கள். ப்ளாஹா பிராட்டர் வாசல்வரை வந்துவிட்டு, ஒத்திகை என்று திரும்பி ஓடினார். கல்யாணத்தன்று மணமக்கள் கோயிலைவிட்டு வெளியே வரும்போதுதான், கக்கத்தில் வாத்தியப் பெட்டியோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். இரண்டு தடவையும் "வந்துடறேன்" என்றுதான் சொல்லியிருந்தார். போல்டி கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவருக்கும் பழகிப்போகாமல் இருந்திருக்கும்.

ப்ளாஹா கரண்டியை எடுத்து மேஜைமேல் கச்சேரியை வரைந்து காட்டினார். "கேளு. பன்னிரண்டரைக்கு ஆரம்பம். முதல்ல ஒரு சின்ன உருப்படி, எட்டு நிமிஷம். அப்புறம் புது சிம்பொனி. அதுல முதல் பகுதி கால் மணி. ரெண்டாவது பகுதிதான் என்னோடது, பதினோரு நிமிஷம். ஒண்ணு எட்டுக்கு நான் விடுதலை. அதுக்கப்புறம் எனக்கு ஒரு ஸ்வரம்கூடக் கிடையாது. பகுதிக்கும் பகுதிக்கும் நடுவுல முரசுக்குப் பின்னாடி இருக்கிற சின்னக் கதவு வழியா நழுவிடுவேன். கச்சேரிய நடத்தற லின்ட்னர்கிட்டயும் சொல்லியாச்சு. பக்கத்துச் சந்துல குதிரை வண்டி நிக்கும். ஒண்ணரைக்கு உன் பக்கத்துல நிப்பேன்."

"வண்டியா? மாமா, டிராம்லயே வரலாமே," என்றான் ஃப்ளோரியன்.

"என் பொண்ணு அமெரிக்கா போறா. நான் டிராம்ல வரணுமா?"

போல்டி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள்கூட. "சரி, வாங்க," என்றாள். "மூணாம் வகுப்புப் பெட்டி எங்க நிக்குமோ அங்க இருப்பேன். கடைசி மணி அடிக்கிறவரைக்கும் ஏற மாட்டேன்."

"சொல்லிட்டார்ல, வருவார்," என்று லுட்மிலா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். அந்த வீட்டில் அவரை நம்புவதை இன்னும் விடாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

மண்டபத்தில் வாத்தியக்காரர்கள் அறை சளசளவென்று இருந்தது. ஓபோ முதல் வாத்தியக்காரர் வோட்ருபா, ப்ளாஹாவின் இருபது வருஷச் சிநேகிதர், தொப்பையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னய்யா ப்ளாஹா, மாப்பிள்ளை மாதிரி சட்டைக் கழுத்தெல்லாம் விறைப்பா இருக்கு?"

"ஸ்டேஷனுக்குப் போகணும்யா."

"ஓ, இன்னைக்கா." வோட்ருபாவின் முகம் மாறியது. பிறகு அவரே சமாளித்துக்கொண்டார். "கவலைப்படாத. இந்தப் புது சிம்பொனியக் கேட்டுட்டு ஜனங்க உனக்கு முன்னாடி ஸ்டேஷனுக்கு ஓடிடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த சிம்பொனியை எழுதியவன் முப்பது வயதுகூட ஆகாத ஓர் இளைஞன். ஒத்திகையில் அவர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. முதல் பகுதி தலையும் புரியாமல் வாலும் புரியாமல் போகிறது என்று வயலின்காரர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாம் பகுதியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அதில் அவர்களுக்கு வேலை குறைவு. இங்கிலீஷ் ஹார்ன் தனியே போகும், மற்றவர்கள் அடியில் மெல்ல இழுத்துக்கொண்டிருப்பார்கள். ப்ளாஹா மட்டும் ஆறு வாரமாக அதை வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒன்று தனக்கு இனிமேல் வராது என்று அவருக்குத் தெரியும். வயது ஐம்பத்து மூன்று, கீழ்ப்பல் இரண்டு ஆட ஆரம்பித்திருந்தன.

நடத்துநர் லின்ட்னர் மேடைக்குப் போகும் வழியில் அவர் தோளைத் தொட்டார். லின்ட்னர் சிடுமூஞ்சி என்று பெயர் எடுத்தவர். "முடிஞ்சதும் கெளம்பிடுங்க, ப்ளாஹா. கதவ மட்டும் சத்தம் போடாம சாத்துங்க. பொண்ணுக்கு என் வாழ்த்தச் சொல்லுங்க," என்றார்.

ப்ளாஹா கைக்கடக்கமான கடிகாரத்தை எடுத்து, இசைத்தாளுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார்.

முதல் உருப்படிக்கு வழக்கமான கைதட்டல் கிடைத்தது. சிம்பொனியின் முதல் பகுதி முடிந்தபோது பின்னால் நிற்கிறவர்கள் மட்டும் தட்டினார்கள். பின்னால் நிற்கிறவர்கள் என்றால் மாணவர்கள், வாத்தியம் கற்கிறவர்கள், உட்கார்ந்து கேட்கக் காசில்லாதவர்கள். அந்த மண்டபத்தில் எதையும் தூக்கி வைப்பதும் போட்டு உடைப்பதும் அவர்கள்தான். முன் வரிசைச் சீமாட்டிகள் விசிறிக்கொண்டிருந்தார்கள். யாரோ இருமினார்கள். ப்ளாஹா சீவாளியை உதட்டில் வைத்து ஈரமாக்கிக்கொண்டார். மணி பன்னிரண்டு ஐம்பத்தேழு.

லின்ட்னர் கோலை உயர்த்தினார்.

அந்தப் பதினோரு நிமிஷத்தைப் பற்றி என்ன சொல்வது? நன்றாக வாசித்தார் என்று சொல்லலாம், அது போதாது. முதல் நாலு ஸ்வரத்திலேயே விசிறிகள் நின்றன. அந்தக் கனத்த குரல் ஒரு நீண்ட மூச்சில் எழும்பி, மேலே போய், போன இடத்திலேயே கொஞ்சம் நின்று யோசித்து, இறங்கியது. இருமிக்கொண்டிருந்தவர்கூட இருமலை அடக்கிக்கொண்டார். முடிந்ததும் மண்டபம் கைதட்டவில்லை. மூச்சு விடும் நேரத்துக்கு அப்படியே இருந்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"டா கபோ!"

மறுபடி முதலிலிருந்து வாசி என்று அர்த்தம். ஒரு குரல் பத்தாகி, பத்து நூறாகியது. மாணவர்கள் காலால் தரையை உதைத்தார்கள். முன் வரிசையிலிருந்த கிழவர் ஒருவர் எழுந்து நின்று கைக்குட்டையை ஆட்டினார். வாத்தியக்காரர்களும் வில்லால் இசைத்தாள் பலகையைத் தட்டினார்கள். அது அவர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் மரியாதை, லேசில் செய்யமாட்டார்கள். வோட்ருபா பக்கத்திலிருந்து, "உனக்குத்தான்யா, உனக்குத்தான்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த மண்டபத்தில் டா கபோவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தனியாக வாசித்தவரை நடத்துநர் பார்ப்பார். மூச்சு போதாது, உதடு அசந்துவிட்டது, விரல் பிடித்துக்கொண்டது என்றால் வாசித்தவர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிவிடலாம். நடத்துநர் சபையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவார். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எத்தனையோ பேர் அப்படி மறுத்திருக்கிறார்கள். லின்ட்னர் அவசரக்காரர், பல சமயம் கேட்காமலே கோலைத் தூக்கிவிடுவார். அன்று அவர் கேட்டார். ரயில் விஷயம் தெரியும் என்பதால்தான் கேட்டார். புருவத்தை உயர்த்தி, சின்னக் கதவின் பக்கம் கண்ணைக் காட்டி, மறுபடி ப்ளாஹாவைப் பார்த்தார். போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் வாயைத் திறக்காமல் சொல்ல முடியாது.

ப்ளாஹா தலையாட்டினார். சரி என்று ஆட்டினார்.

வண்டி நிற்கிறது, இருபது நிமிஷம் போதும் என்று வண்டிக்காரன் சொல்லியிருக்கிறான், ஒன்று இருபத்தைந்துக்குக் கிளம்பினாலும் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் தலையாட்டினேன் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அது பொய். தலை முதலில் ஆடிவிட்டது, கணக்கு அதற்கப்புறம்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷம் தன்னைத் திரும்பிப் பாராத சபை, இன்று எழுந்து நின்று இன்னொரு தடவை என்று கெஞ்சுகிறது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவரை எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் அந்த நிமிஷத்துக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

இரண்டாம் முறை வாசித்தார். மேஜைமேல் கரண்டியால் வரைந்த கச்சேரியில் இது இல்லை. கடிகாரம் எதிரிலேயே இருந்தது, அவர் கண்ணில் படவில்லை. போல்டியை நினைத்து உருகி வாசித்தார் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். அவர் போல்டியை நினைக்கவே இல்லை. மூச்சையும் விரலையும் அடுத்த ஸ்வரத்தையும் தவிர வேறு எதுவும் அந்தப் பதினோரு நிமிஷத்தில் அவருக்கு இல்லை.

முடிந்ததும் லின்ட்னர் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார். பால்கனியில் உட்கார்ந்திருந்த இளைஞனை, அதை எழுதியவனை, எல்லோரும் தேடிப் பிடித்துக் கீழே இழுத்து வந்தார்கள். அவன் ப்ளாஹாவைக் கட்டிக்கொண்டு விடவில்லை. ப்ளாஹா அவன் தோளுக்கு மேலே கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று முப்பத்தொன்று.

குழலைப் பெட்டியில் வைக்கக்கூட இல்லை. வோட்ருபாவின் மடியில் போட்டுவிட்டு ஓடினார். சின்னக் கதவு படீரென்று சாத்தியது.

மார்ச் மாதத்தில் வெயில் வந்த முதல் ஞாயிறு அது. ஊரே பிராட்டருக்குக் கிளம்பியிருந்தது. கால்வாய்ப் பாலத்தில் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டி நின்றன. தள்ளுவண்டிகளில் குழந்தைகள், தோளில் குழந்தைகள், பலூன்கள்.

"ஓட்டுப்பா, ஓட்டுப்பா," என்றார் ப்ளாஹா.

"எங்க ஓட்டறது? அந்த அம்மா தொப்பி மேலயா?" வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். "நீங்க ஒண்ணு எட்டுக்கு வரேன்னீங்க. நான் அப்பத்துலேருந்து குதிரைகிட்டப் பேசிட்டு நிக்கறேன். அப்பவே வந்திருந்தா பாலம் காலியா இருந்துச்சு."

ப்ளாஹா பாலத்தின் மறுமுனையை எட்டிப் பார்த்தார். பாலத்தைத் தாண்டியதும் இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தார். அந்த வயதில் எவ்வளவு தூரம் ஓட முடியும்? மறுபடி உட்கார்ந்தார். டாபர் தெருவில் ஒரு கடிகாரம் ஒன்று நாற்பத்தெட்டு என்றது. அதற்குப் பிறகு அவர் கடிகாரம் எதையும் பார்க்கவில்லை.

நடைமேடையில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. போனவர்களைப் பார்த்து அழுதவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கடைசியில், மூன்றாம் வகுப்புப் பெட்டி நின்ற இடத்தில், லுட்மிலா தண்டவாளத்தைப் பார்த்தபடி தனியாக நின்றாள். ப்ளாஹா அவள் பக்கத்தில் போய் நின்றார். அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு போயி," என்றாள். "கடைசி மணி அடிச்சும் ஏறல. கார்டு வந்து கையப் பிடிச்சு ஏத்தினான். ஜன்னல்ல பாதி உடம்ப வெளிய போட்டுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டிருந்தா."

"டா கபோ கேட்டாங்க, லுட்மிலா."

"தெரியும். அவளே சொன்னா. மணி ஒண்ணே முக்கால் ஆனதும், 'அம்மா, அப்பாவோட பகுதியத் திரும்ப வாசிக்கச் சொல்லிட்டாங்க போல'ன்னா. வாத்தியக்காரன் வீட்டுல பொறந்தவளாச்சே." லுட்மிலா இப்போதுதான் திரும்பினாள். "உங்கள ஒரு வார்த்த கேட்டிருப்பாங்களே? எப்பவும் கேப்பாங்களே?"

ப்ளாஹா வாயைத் திறந்தார். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அவளுடைய சிவந்த கண்களைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது.

"கேக்கல," என்றார். "லின்ட்னர் அவர் பாட்டுக்குக் கோலத் தூக்கிட்டார். அவர் அப்படித்தான்னு உனக்குத் தெரியுமே. நான் என்ன பண்ண முடியும்?"

லுட்மிலாவின் முகம் தளர்ந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதத்தான் நான் அவகிட்டச் சொன்னேன். 'கேட்டிருந்தா உங்க அப்பா முடியாதுன்னு தலைய ஆட்டியிருப்பார்டி, கேட்டிருக்கமாட்டாங்க'ன்னு. 'சத்தியமாவா'ன்னா. சத்தியம் பண்ணிக் குடுத்தேன். அதுக்கப்புறம்தான் அழுகைய நிறுத்தினா. 'அப்படின்னா சரிம்மா, அத நெனச்சுக்கிட்டே போறேன்'னா." அவள் பெருமூச்சு விட்டாள். "நாசமாப் போறவன் அந்த லின்ட்னர்."

தன்னைக் காப்பாற்றப் பார்த்த மனிதனை அவள் திட்டுவதை ப்ளாஹா கேட்டுக்கொண்டு நின்றார். அங்கிருந்த பெஞ்சில் இருவரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு ரயில் வந்து போனது.

மூன்று மணிவாக்கில் டிராம் ஏறினார்கள். லுட்மிலா அவர் தோளில் சாய்ந்திருந்தாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவள் அப்படிப் பொது இடத்தில் சாய்ந்ததில்லை. பெரிய மண்டபத்துக்குப் பக்கத்து நிறுத்தத்தில் ஒரு கூட்டம் ஏறியது. கச்சேரி முடிந்து காப்பிக் கடையில் அந்த சிம்பொனியைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டு வருகிற மாணவர்கள். அதில் முழங்கை தேய்ந்த கோட்டுப் போட்ட ஒருவன், உள்ளே வந்ததும் சிலைபோல் நின்றுவிட்டான்.

"ப்ளாஹா ஐயா? நீங்க ப்ளாஹா ஐயாதானே? இங்கிலீஷ் ஹார்ன்?"

ப்ளாஹா தலையைக் குனிந்துகொண்டார். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எதிரே வந்து நின்றான்.

"நான் ஒண்ணு சொல்லணும், தப்பா நெனக்காதீங்க. நாலு வருஷமா நின்னு கேக்கறேன். இன்னைக்கு மாதிரி கேட்டதில்ல. முதல்ல டா கபோன்னு கத்தினது நான்தான்." வெட்கமும் பெருமையுமாகச் சிரித்தான். "தொண்டையே போச்சு."

"ரொம்ப நன்றி," என்றார் ப்ளாஹா. அதற்குமேல் அவன் பேசாமல் போய்விட வேண்டுமே என்று தவித்தார். அவனோ லுட்மிலாவின் பக்கம் திரும்பிவிட்டான்.

"நீங்க அவரோட மனைவியா? அம்மா, நீங்க அங்க இருந்திருக்கணும். நடத்துநர் இவரப் பார்த்தாரு பாருங்க, எங்களுக்கெல்லாம் உயிரே இல்ல. மறுத்துடுவாரோன்னு நான் நண்பன் கையப் பிடிச்சு நசுக்கிட்டேன். இவர் ஒரு நொடிகூட யோசிக்கல. உடனே தலையாட்டினார். எவ்வளவு பெரிய மனசு."

டிராம் ஒரு திருப்பத்தில் கிறீச்சிட்டுத் திரும்பியது. லுட்மிலா அவர் தோளிலிருந்து தலையை எடுத்தாள்.

"ஆமா, தம்பி," என்றாள். "அவருக்குப் பெரிய மனசு."

அவன் இறங்கும்போது இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் தலைவணங்கிவிட்டு இறங்கினான். மிச்ச வழி முழுக்க லுட்மிலா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ப்ளாஹா இரண்டு தடவை அவள் பெயரைச் சொன்னார். அவள் திரும்பவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

வீட்டுக்குள் வந்து, தொப்பி ஊசியை உருவி வைத்துவிட்டு, அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரெண்டாவது தடவ எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்ல அவருக்கு இன்னொரு வாய்ப்பு அது. சுமாராக இருந்தது என்று சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். ஆனால் அதில் மட்டும் அவரால் பொய் சொல்ல முடியவில்லை.

"இன்னும் நல்லா இருந்துச்சு," என்றார்.

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதார். பக்கத்து அறையில் போல்டியும் ஃப்ளோரியனும் படுத்த படுக்கை இன்னும் மடிக்காமல் கிடந்தது. லுட்மிலா அவரைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, காகிதத்தையும் மைக்கூட்டையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க. ஆறு மணித் தபால்ல போட்டா, கப்பல் ஏர்றதுக்குள்ள ஹாம்பர்க்ல அவங்க தங்கற விடுதியில அவ கைக்குக் கெடச்சிடும்."

"எழுதறேன். எல்லாத்தையும் எழுதிடறேன், லுட்மிலா. நான்தான் தலையாட்டினேன்னு எழுதி, அவகிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன்."

"கூடாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மன்னிப்புக் கேட்டா உங்களுக்கு மனசு லேசாயிடும். அவளுக்கு? பன்னெண்டு நாள் தண்ணி மேல போகப் போறா. அப்புறம் தெரியாத ஊரு, தெரியாத பாஷை. இனிமே அவ நம்ம மொகத்தப் பாக்கப் போறதில்ல, நாமளும் பாக்கப் போறதில்ல. அப்பா வரணும்னுதான் நெனச்சார், விடலன்னு நம்பிக்கிட்டுப் போயிருக்கா. அந்த ஒண்ணையும் பிடுங்கணுமா?" மைக்கூட்டின் மூடியைத் திறந்து வைத்தாள். "நான் அவளுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். என்னப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க. இனி அது அப்படியே இருக்கட்டும்."

"உன்கிட்ட?"

"என்கிட்ட என்ன? நான் இங்கதானே இருக்கப் போறேன்."

ப்ளாஹா பேனாவை மையில் தோய்த்தார். 'அன்பு மகள் போல்டிக்கு' என்று எழுதினார். லுட்மிலா அவருக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

'மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். லின்ட்னர் என்னைக் கேட்கவே இல்லை' என்று எழுதிவிட்டு நிறுத்தினார்.

"கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன்னு எழுதுங்க," என்றாள் லுட்மிலா.

அதையும் எழுதினார்.